டேப்பெட் இடைவெளி விரிந்துகொண்டே போனால்: மாற்றியமைத்த அம்பாசடர் எஞ்சினில் கேம் தேய்வது ஏன்?

வில்லிவாக்கத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம் 1984-ஆம் ஆண்டு அம்பாசடரைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். வண்டியில் இருப்பது பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். ஹெட்டின் அடிமுகத்தை 1.5 மில்லிமீட்டர் அரைத்தெடுத்து (ஃபேசிங்), இருந்த கேம் ஷாஃப்டையே கூடுதல் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கிடைக்கும்படி அரைத்து வாங்கி, வால்வு ஸ்பிரிங்குகளைக் கடினமானவையாக மாற்றி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் பொருத்தியிருக்கிறார். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை வண்டியின் ஓட்டத்தில் அவருக்கு மனநிறைவு இருந்திருக்கிறது. பிறகு டேப்பெட் சத்தம் தொடங்கியது. வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே 0.38 மில்லிமீட்டரில் வைத்த டேப்பெட் இடைவெளி இரண்டே வாரத்தில் 0.6-ஐத் தாண்டுகிறது, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் நிலைமை எல்லாவற்றையும்விட மோசம். இப்போது விற்கும் ஆயிலில் பழைய சத்து இல்லை என்று ஒரு மெக்கானிக் சொன்னதால் இருமுறை ஆயிலை மாற்றி, அதோடு சேர்க்கைத் திரவமும் ஊற்றிப் பார்த்துவிட்டார், பலன் இல்லை. ஆயில்தான் காரணமா, அப்படியானால் எந்த ஆயிலை ஊற்றுவது என்பது அவருடைய கேள்வி.

ஆயிலுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் உங்கள் வண்டியைப் பொறுத்தவரை அது வரிசையில் கடைசியில் நிற்கும் காரணம் என்றே நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி இடைவெளி எந்தத் திசையில் மாறுகிறது என்பது. இடைவெளி கூடுகிறதா, குறைகிறதா என்ற ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிட்டால், எஞ்சினைத் திறக்கும் முன்பே நோய் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது பாதி தெரிந்துவிடும்.

அம்பாசடரின் எஞ்சின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த பி.எம்.சி. பி-வரிசை எஞ்சின். கேம் ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே கீழே சுழல்கிறது; அதன் மேட்டின்மேல் டேப்பெட் அமர்கிறது; டேப்பெட்டின் குழியில் புஷ் ராடு நிற்கிறது; அது மேலேயுள்ள ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. இந்தச் சங்கிலியில் கேமின் மேடு, டேப்பெட்டின் அடிமுகம், புஷ் ராடின் இரு முனைகள், ராக்கர் ஷாஃப்ட், ராக்கரின் மூக்கு (வால்வைத் தொடும் முனை) ஆகியவற்றுள் எது தேய்ந்தாலும் இடைவெளி கூடும். மாறாக, வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்ந்தாலோ வால்வின் தண்டு நீண்டாலோ, தண்டின் தலை மேலே ஏறி, இடைவெளி குறையும். உங்களுக்குக் கூடுகிறது. ஆகவே இருக்கையையும் வால்வையும் இப்போதைக்கு விட்டுவிட்டு, கீழே தேட வேண்டும்.

குறையும் வகையைப் பற்றியும் நான்கு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவும் பிற்பாடு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டக்கூடும். இந்த எஞ்சினில் வால்வு இருக்கைகள் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டவை. பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அதன் படிவு எக்ஸாஸ்ட் இருக்கையின்மேல் ஒரு மெத்தைபோல் படிந்து, சூடான வால்வு இரும்போடு இரும்பாய் ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. 1995-இல் பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நிதானமாக ஓடும் வண்டிகள் அதைப் பெரிதாக உணரவில்லை. அதிக வேகத்திலும் அதிகப் பளுவிலும் ஓடியவையும், எல்.பி.ஜி.க்கு மாற்றப்பட்டவையும் உணர்ந்தன. அப்போதெல்லாம் டேப்பெட் சத்தம் குறைந்து வண்டி அமைதியாகிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டே வாடகை அம்பாசடர்களைக் கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் இடைவெளி முற்றிலும் அடைபட்டு, வால்வு முழுதாக மூட முடியாமல் அதன் விளிம்பு கருகியிருக்கும். வால்வு தன் வெப்பத்தில் பெரும்பங்கை இருக்கையோடு தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கொடுக்கிறது. தொடவில்லையென்றால் அது வேகத்தான் செய்யும். அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்டுக்குக் கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடுங்கள். அவ்வளவுதான்; இனி கீழே வருவோம்.

நீங்கள் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயமானவை. ஆனால் வால்வை இயக்கும் இந்தச் சங்கிலியில் எந்த மாற்றமும் தனித்து நிற்பதில்லை. ஓரிடத்தில் கொடுத்த பலம் வேறோரிடத்தில் சுமையாக இறங்குகிறது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். இந்த ராக்கரின் நெம்பு விகிதம் ஏறத்தாழ 1.4. வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் 60 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்று வைத்துக்கொண்டால், கேமின் மூக்கில், அதாவது மேட்டின் உச்சியில், விழும் சுமை அதன் 1.4 மடங்கு, அதாவது 84 கிலோ. கடினமான ஸ்பிரிங்கைப் போட்டு, லிஃப்டையும் கூட்டியதால் அது இன்னும் சற்று அதிகமாக அமுக்கப்பட்டு, 100 கிலோ ஆகிறது என்றால், கேமின் மூக்கில் 140 கிலோ. ராக்கர் ஷாஃப்டின் கதை இன்னும் கடுமை: ஒருபுறம் வால்வும் மறுபுறம் புஷ் ராடும் ராக்கரை மேல்நோக்கித் தள்ளுவதால், நடுவில் இருக்கும் ஷாஃப்ட் இரண்டின் கூட்டுத்தொகையான 240 கிலோவைத் தாங்குகிறது. இந்த எண்கள் உங்கள் ஸ்பிரிங்கின் எண்கள் அல்ல. விகிதத்தைக் காட்டுவதற்காகச் சொன்னவை. உங்கள் ஸ்பிரிங்கின் எண்களை நீங்கள்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் "சற்றுக் கடினமானது" என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது.

கடினமான ஸ்பிரிங் எதற்கு? எஞ்சின் வேகமாகச் சுழலும்போது வால்வும் ராக்கரும் புஷ் ராடும் தம் எடையின் வேகத்தில் கேமைவிட்டு எகிறிப் பறக்காமல், மேட்டின் மறுசரிவிலும் அதைத் தொட்டுக்கொண்டே இறங்குவதற்காக. அதற்குத் தேவையான அளவு பலம் போதும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கிலோவும் தேய்மானத்துக்குக் கொடுக்கும் வாடகை. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாள்களில் ஃபியட்டும் நம் வண்டலூரில் செய்த ஹெரால்டும் நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் சுற்றின. ஆனால் அந்த எஞ்சின்கள் பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துப் பார்க்கப்பட்டவை. அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கப்போகும் வண்டிக்கு அந்த ஸ்பிரிங்கைப் போடுவது, வீட்டு வாசற்படிக்கு ரயில் தண்டவாளத்தைப் போட்டதுபோலத்தான்.

இந்த இடத்தில் பலரும் தலைகீழாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேகமாக ஓட்டினால்தான் கேம் தேயும், மெதுவாக ஓட்டினால் பிழைக்கும் என்று நினைக்கிறோம். கேமின் மூக்கைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. அதிக வேகத்தில், மேலெழுந்து வரும் பாகங்களின் சடத்துவமே ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியை மூக்கின் உச்சியில் கழித்துவிடுகிறது; ஐட்லிங்கில் அந்தக் கழிவு ஏதும் கிடைக்காமல் ஸ்பிரிங்கின் முழுப் பளுவும் மூக்கின்மேல் அப்படியே இறங்குகிறது. மேலும் இந்த எஞ்சினில் கேமின் மேடுகளுக்கு ஆயில் பெருமளவும் கிராங்க் ஷாஃப்ட் சுழன்று வாரியிறைப்பதால் கிடைப்பது. ஐட்லிங்கில் அந்த இறைப்பும் குறைவு. ஆக, சுமை உச்சத்தில் இருக்கும் வேளையில்தான் எண்ணெயும் அற்பமாகக் கிடைக்கிறது. மே மாத வெயிலில் கோயம்பேட்டு நெரிசலில் இருபது நிமிடம் ஐட்லிங்கில் நிற்பது உங்கள் கேமுக்கு, புறவழிச்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுவதைவிடப் பெரிய தண்டனை.

அடுத்தது அரைத்த கேம். கேமின் மேட்டில் இரும்பைச் சேர்க்க முடியாது, எடுக்கத்தான் முடியும். ஆகவே லிஃப்டைக் கூட்ட வேண்டுமென்றால் மேட்டைச் சுற்றியுள்ள அடிவட்டத்தைத்தான் சிறிதாக்குகிறார்கள். வால்வில் 1 மில்லிமீட்டர் கூடுதல் லிஃப்ட் வேண்டுமானால், 1.4 விகிதப்படி கேமில் 0.7 மில்லிமீட்டர் வேண்டும், அந்த 0.7 அடிவட்டத்தின் ஆரத்திலிருந்துதான் வர வேண்டும். இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, டேப்பெட் முன்பைவிட அந்த அளவுக்குத் தாழ்வாக அமர்கிறது. மற்றொன்று இன்னும் முக்கியமானது: இத்தகைய கேம்கள் வார்ப்பின்போதே மேற்புறம் திடீரெனக் குளிரவைத்துக் கடினமாக்கப்பட்ட வார்ப்பிரும்பு. அந்தக் கடினத்தோல் ஓரளவு ஆழம் வரைதான் இருக்கும். ஏற்கெனவே ஒருமுறை அரைக்கப்பட்ட கேமை மீண்டும் அரைத்தால், தோல் முடிந்து சதை தெரியத் தொடங்கலாம். நாற்பது வயதான வண்டியின் கேம் இதற்கு முன் எத்தனை முறை அரைக்கப்பட்டது என்பதற்கு யாரிடமும் கணக்கு இருக்காது. அரைத்தவுடன் கடினத்தன்மையைச் சோதிப்பது நல்லது. தேவைப்பட்டால் டஃப்ட்ரைடிங் போன்ற மேற்பரப்புச் சிகிச்சையும், அதன்மேல் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் பாஸ்பேட் பூச்சும் செய்துகொள்ளலாம். கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளின் பக்கம் விசாரித்தால் இவற்றைச் செய்யும் இடம் கிடைக்கும். வேலையைவிட, இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று கிரைண்டிங் பட்டறைக்காரர் உங்களிடம் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமான சிக்கல்.

இனி டேப்பெட். உங்கள் கடிதத்தில் கேமைப் பற்றி, ஸ்பிரிங்கைப் பற்றி, கார்புரேட்டரின் ஊசியைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்கள். டேப்பெட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பழைய டேப்பெட்டுகளையே திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று அதிலிருந்து ஊகிக்கிறேன். ஊகம் சரியானால், பெரும்பாலும் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

டேப்பெட்டின் அடிமுகம் பார்ப்பதற்குத் தட்டையாகத் தெரியும். உண்மையில் அது மிக மிக லேசாக, நடுவில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மட்டும், உப்பியிருக்கும். கேமின் மேடும் நேராக இல்லாமல் ஒருபக்கம் மயிரிழை சரிவாக அரைக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் கேம் ஒவ்வொரு முறை தொடும்போதும் டேப்பெட்டைச் சிறிது திருப்பிவிடுகின்றன. டேப்பெட் தன் அச்சில் மெல்லச் சுழன்றுகொண்டே இருப்பதால், தேய்வு ஒரே கோட்டில் விழாமல் முகம் முழுவதும் பரவுகிறது, புதிய எண்ணெயும் உள்ளே வருகிறது. சுழற்சி நின்றுவிட்டால் மேடு அதே இடத்தை அரைக்கத் தொடங்கும். சில நூறு கிலோமீட்டரில் மூக்கு மழுங்கிவிடும். ஏற்கெனவே பழைய கேமோடு ஓடிக் குழிந்துபோன டேப்பெட்டைப் புதிதாக அரைத்த மேட்டின்மேல் வைத்தால் அது சுழலாது. அதைச் சமன்செய்கிறேன் என்று சர்ஃபேஸ் கிரைண்டரில் கண்ணாடிபோலத் தட்டையாக அரைத்துக் கொடுப்பார்களே, அந்த டேப்பெட்டும் சுழலாது. பார்வைக்கு அழகாக இருக்கும் என்பதால் அந்த வேலைக்குக் கூலியும் தாராளமாகக் கொடுத்துவிடுவோம்.

இதை நான் யாரையோ குறை சொல்வதற்காக எழுதவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பத்மினியின் எஞ்சினுக்கு அரைத்த கேமைப் போட்டு, நன்றாக இருக்கின்றன என்று என் கண்ணுக்குப் பட்ட பழைய டேப்பெட்டுகளையே மாட்டி, ஸ்டார்ட் செய்தேன். கார்புரேட்டர் ஒழுங்காக அமையவில்லை. அதைச் சரிசெய்தபடி அரை மணி நேரத்துக்கு மேல் எஞ்சினை ஐட்லிங்கிலேயே ஓடவிட்டேன். மாலைக்குள் சத்தம் வந்துவிட்டது. மறுநாள் திறந்தபோது இரண்டு மேடுகளின் மூக்கில் விரல் நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்குப் பள்ளம். கேமுக்கு ஆன செலவு என் இரண்டு மாதச் சம்பளத்திலிருந்து போயிற்று. எங்கள் மேஸ்திரி திட்டவில்லை, அந்தக் கேமை என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டுவிட்டார்.

உங்கள் டேப்பெட்டுகள் சுழல்கின்றனவா என்பதை எஞ்சினைப் பிரிக்காமலேயே பார்க்கலாம். ராக்கர் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு புஷ் ராடின் மேற்பகுதியிலும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கவனியுங்கள். டேப்பெட் சுழன்றால் புஷ் ராடும் கூடவே திரும்பும். புள்ளி மறைந்து மறைந்து வரும். எந்தப் புள்ளி உங்களையே முறைத்துக்கொண்டு நிற்கிறதோ, அந்த மேடு செத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வண்டியில் அது முன்பக்கத்திலிருந்து ஐந்தாவது புள்ளியாக இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் அதுதான்.

அடுத்து, ராக்கர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு புஷ் ராடின் தலையிலும் நகர்வை அளக்கும் டயல் கேஜை நிறுத்தி, எஞ்சினைக் கையால் சுற்றி, மேடு எவ்வளவு தூக்குகிறது என்று அளந்து எழுதுங்கள். எக்ஸாஸ்ட் நான்கும் தமக்குள்ளும், இன்லெட் நான்கும் தமக்குள்ளும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்த எண்ணைக் காட்டும் மேடு தேய்ந்துவிட்டது. அதற்கு ஆயிலும் மருந்தல்ல, டேப்பெட் செட்டிங்கும் மருந்தல்ல. இந்த எஞ்சினில் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள மூடிகளைத் திறந்தால் டேப்பெட்டுகளைக் கையால் எடுத்துவிடலாம் என்பது ஒரு வசதி. எடுக்கும்போது முட்டை அட்டை ஒன்றில் 1 முதல் 8 வரை எண் எழுதி, வரிசை மாறாமல் வையுங்கள். அடிமுகத்தில் வட்டமாக, மையத்தைச் சுற்றிப் பளபளப்பு இருந்தால் அது சுழன்றிருக்கிறது. ஒரே பட்டையாகக் கோடு விழுந்திருந்தால் சுழலவில்லை. இரண்டு டேப்பெட்டுகளின் முகங்களை ஒன்றோடொன்று பொருத்தி வெளிச்சத்தில் பிடித்தால், நல்லவை லேசாக ஆடும், ஓரத்தில் ஒளிக்கீற்று தெரியும். தட்டையாகிவிட்டவை ஆடாமல் ஒட்டிக்கொள்ளும். டேப்பெட் நுழையும் துளையையும் பாருங்கள். அது முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் புதிய டேப்பெட்டும் சாய்ந்து நின்று சுழல மறுக்கும்.

ஹெட் ஃபேசிங்கைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு ஒரு வரி உறுத்துகிறது: ஹெட்டை எடுத்த அளவுக்கே, அதாவது 1.5 மில்லிமீட்டருக்கு, ராக்கர் தாங்கிகளின் அடியில் தகடு வைத்ததாகச் சொல்கிறீர்கள். பல பட்டறைகளில் இதுவே பழக்கம்; ஆனால் கணக்கு அப்படி வராது. ராக்கரின் அச்சும் வால்வின் தண்டும் இரண்டுமே ஹெட்டின்மேல் இருப்பவை. ஹெட்டின் அடியில் எடுத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். அவற்றுக்கிடையிலான உறவு மாறாது. மாறுவது புஷ் ராடு பக்கம் மட்டும்தான்: புஷ் ராடு 1.5 மில்லிமீட்டர் நீளமாகிவிட்டதுபோல ஆகும், இடைவெளியை வைப்பதற்காக ராக்கரின் புஷ் ராடு முனையில் உள்ள செட்டிங் திருகை அந்த அளவுக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் விஷயத்தில் கேமின் அடிவட்டம் சிறிதானதால் டேப்பெட்டும் இறங்கியிருக்கிறது, அது 0.7 என்று வைத்தால், மீதமுள்ள வித்தியாசம் 0.8 மட்டுமே. திருகே அதை ஈடுகட்டலாம்; போதாவிட்டால் குட்டையான புஷ் ராடு வேண்டும். தகடு இதற்கு மருந்தல்ல.

தகடு என்ன செய்கிறது? ராக்கரின் அச்சை வால்வின் தலைக்கு மேலே உயர்த்திவிடுகிறது. வால்வு பாதி திறந்த நிலையில் ராக்கரின் கரம் வால்வின் தண்டுக்குச் செங்குத்தாக இருந்தால், மூக்கு தண்டின் தலையில் மிகக் குறைவாகவே முன்னும் பின்னும் நகரும். லிஃப்டை 1 மில்லிமீட்டர் கூட்டினால் அந்தப் பாதி நிலை அரை மில்லிமீட்டர் கீழே போகிறது. ஆகவே அச்சும் அரை மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். நீங்களோ ஒன்றரை மேலே ஏற்றியிருக்கிறீர்கள். இதனால் மூக்கு தண்டின் தலையில் நீண்ட தூரம் இழுபட்டு, ஒவ்வொரு முறையும் தண்டைப் பக்கவாட்டில் தள்ளும். வால்வின் தண்டு ஏறியிறங்கும் குழாயான வால்வு கைடு ஒருபக்கமாக அகன்று, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை வரும். தண்டின் தலையில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, ராக்கரை மாட்டிக் கையால் இருமுறை சுற்றிக் கழற்றிப் பாருங்கள். மூக்கு தேய்த்த தடம் ஒடுக்கமாக நடுவில் இருக்க வேண்டும். அகலமாகவோ ஓரத்திலோ இருந்தால் தகட்டை எடுத்துவிடுங்கள். வால்வுகள் இருக்கைக்குள் அமிழ்ந்து தண்டின் தலை உயர்ந்துபோன ஹெட்டுகளுக்குத்தான் தகடு நியாயமானது. அங்கும் ஆயில் மேலே ஏறிவரும் தாங்கியின் துளையைத் தகடு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துளையில்லாத தகடு வைத்து ராக்கர் முழுவதையும் வறண்டு சாகவிட்ட எஞ்சினையும் பார்த்திருக்கிறேன்.

ராக்கர் ஷாஃப்டைக் கழற்றினால் அதன் அடிப்புறத்தில் நகத்தை ஓட்டுங்கள்; நான் முன்பு சொன்ன கூட்டுச்சுமை அந்தப் பக்கத்தில்தான் விழுகிறது, பள்ளமும் அங்கேதான் இருக்கும். ராக்கரின் மூக்கில் குழி விழுந்திருந்தால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் அந்தக் குழியின் கரைகளில் பாலம்போல் அமர்ந்து, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், 0.38 என்று நீங்கள் வைத்தது தொடக்கத்திலேயே 0.5 ஆக இருந்திருக்கலாம். இன்னொன்று: 0.38 என்பது பழைய கேமின் இடைவெளி. அரைத்த கேமின் ஏற்றச்சரிவு வேறு. அதற்கு எவ்வளவு வைப்பது என்று அரைத்தவரிடம் கேட்டு, அந்த அளவையே வையுங்கள். வைக்கும்போது ஒன்பது கணக்கைப் பின்பற்றுங்கள்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவது, ஐந்தாவது திறந்திருக்கும்போது நான்காவது என்று கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பதாக வர வேண்டும்.

இப்போது ஆயில். மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கேமும் டேப்பெட்டும் உரசும் இடத்தில் எண்ணெய்ப் படலம் கிழிந்துபோகும் தருணங்களில் இரும்பைக் காப்பாற்றுவது இசட்.டி.டி.பி. எனப்படும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம். வெப்பமும் அழுத்தமும் பட்டவுடன் அது உலோகத்தின்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது. எரிந்து வெளியேறும் பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏ.பி.ஐ.) 2004-இல் வந்த எஸ்.எம். தரத்திலிருந்து அதன் மேல்வரம்பை 0.08 விழுக்காடாகக் குறைத்தார்கள். ஆனால் அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கானது. 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 போன்ற கனமானவற்றை அது கட்டுப்படுத்தவில்லை. புதிய கார்களுக்கு விற்கும் மெல்லிய ஆயிலை, மைலேஜ் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு உங்கள் வண்டியில் ஊற்றியிருந்தால் அது தவறு. நல்ல 20டபிள்யூ-50 பெட்ரோல் ஆயிலோ, சி.ஐ.-4 தரத்தில் உள்ள 15டபிள்யூ-40 டீசல் ஆயிலோ போதும். சென்னை வெயிலுக்கு நான் முன்னதையே விரும்புவேன். சேர்க்கைத் திரவத்தை ஊற்ற ஊற்ற நல்லது என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அந்தச் சேர்மமே உலோகத்தை அரிக்கத் தொடங்கும். எப்படியானாலும், சுழலாத டேப்பெட்டை எந்த ஆயிலும் சுழற்றிவிடாது.

ஆகவே என் யோசனை இது. ஸ்பிரிங்கைச் சோதனைக் கருவியில் வைத்து, மூடிய உயரத்திலும் முழு லிஃப்ட் உயரத்திலும் எத்தனை கிலோ என்று அளந்துகொள்ளுங்கள். நீங்கள் உண்மையில் எத்தனை ஆர்.பி.எம். வரை சுற்றுவீர்கள் என்பதை நேர்மையாகச் சொல்லி, அதற்குப் போதுமான மிக மென்மையான ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுங்கள். 5000-ஐத் தாண்டாத வண்டிக்குப் பழைய ஸ்பிரிங்கே, புதிதாக வாங்கியதாக இருந்தால், பெரும்பாலும் போதும். முழு லிஃப்டில் சுருள்களுக்கிடையே மொத்தமாக 1.5 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் மேல்மூடியான ரிட்டெய்னருக்கும் வால்வு கைடின் தலைக்கும் இடையிலும் அதே அளவு. கூடிய லிஃப்டில் இவற்றில் ஒன்று முட்டிக்கொண்டிருந்தால், கேமின் மூக்கு ஸ்பிரிங்கையல்ல, கெட்டி இரும்பையே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு வால்வில் மட்டும் தேய்மானம் மிகுந்திருப்பதற்கு இதுவும் காரணமாகலாம். ஃபேசிங் செய்த ஹெட் என்பதால், பிஸ்டனின்மேல் களிமண் உருண்டை வைத்துச் சுற்றி, அது நசுங்கிய தடிமனை அளந்து, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இன்லெட்டில் 2, எக்ஸாஸ்டில் 2.5 மில்லிமீட்டர் இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்; கூடவே எட்டு டேப்பெட்டுகளும் புதியவையாக இருக்க வேண்டும். புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கிடைப்பவற்றின் முகத்தை நான் சொன்ன ஒளிச்சோதனையில் பார்த்துவிட்டே வாங்குங்கள். பொருத்தும்போது மேடுகளிலும் முகங்களிலும் மாலிப்டினம் கலந்த பசையைத் தடவுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை மட்டும் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். வீணாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் பசை வழிந்துவிடும். கார்புரேட்டர், இக்னிஷன் டைமிங், ரேடியேட்டர் தண்ணீர் எல்லாம் முதல் சாவியிலேயே ஓடும்படி தயாராக இருக்கட்டும். எஞ்சின் பிடித்தவுடன் 2000-க்கும் 2500-க்கும் இடையே வேகத்தை ஏற்றி, சற்றே கூட்டியும் குறைத்தும், இருபது முதல் முப்பது நிமிடம் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் ஐட்லிங்குக்கு இறக்கவே கூடாது. கசிவு தெரிந்தால் எஞ்சினை நிறுத்திச் சரிசெய்துவிட்டுத் தொடருங்கள். ஐட்லிங்கில் விட்டுவிட்டுக் குனிந்து பார்க்காதீர்கள். உங்களுடையது இரட்டை ஸ்பிரிங்காக இருந்தால், இந்த அரை மணி நேரத்துக்கு உள் ஸ்பிரிங்கை எடுத்துவிடுவது இன்னும் பாதுகாப்பு. அண்டை வீட்டார் சண்டைக்கு வரக்கூடும், முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை மீதியிருக்கிறது. 0.6 வரை விரிந்த அந்த இடைவெளியின் இரும்பு எங்கும் போய்விடவில்லை. மாவுபோல் அரைபட்டு உங்கள் ஆயிலில்தான் கலந்திருக்கிறது. பழைய ஆயில் ஃபில்டரின் மடிப்பைப் பிரித்து, அதன்மேல் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தால், எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றிக் கழுவி, ஆயில் பம்பைத் திறந்து பார்த்து, ஒரு பேரிங் ஷெல்லையாவது எடுத்து அதன் முகத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று சோதித்துவிட்டு, அதன் பிறகே புதிய கேமை உள்ளே விடுங்கள்.